இரவல் பெயர்

கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, ஏப்ரல் வந்தும் பனி உருகவில்லை. மாங்க்டன் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. நதீனுக்கு அன்று மாலை ஐந்து மணி கெடு. மூக்குச் சளியைச் சோதித்தே இந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவளுடைய யோசனை. ஆய்வு நிதி கிடைக்காவிட்டால் கோடையில் அவளுடைய ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். சமையலறை மேசையில் ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் கோழி சூப்பும் மகள் எலோடியின் கணக்குப் பாடமும். அப்படியே விண்ணப்பத்தை எழுதி முடித்திருந்தாள்.

கணவன் ரோலானும் விஞ்ஞானிதான். அவன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. இத்தனை நாள் நதீனும் நினைக்கவில்லையே என்பதுதான் எரிச்சல்.

போன சுற்றில் விண்ணப்பித்த பெண்கள் ரொம்பக் குறைவு, அதிலும் சின்னக் குழந்தை உள்ளவர்களைக் காணவே காணோம் என்று நிதி வாரியம் கவலைப்பட்டிருந்தது. இந்த முறை ஒவ்வொரு குழுவிலும் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பார்களாம். உடனே ஆண்களுக்கெல்லாம் நதீன் ஞாபகம் வந்துவிட்டது. "உன் பேர மட்டும் போட்டுக்கறேன், வேலையே இருக்காது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். இந்தத் தொழிலில் அது ஒரு மரியாதை. கடைசியாகக் கேட்டவன் ரோலான். கட்டின புருஷனிடம் முடியாது என்பாளா?

நாலரை மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. ஒருவர் பெயர் மூன்று விண்ணப்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாதாம். அவள் பெயர் ஏற்கெனவே மூன்று பேருடையதில் இருந்தது; அவளுடையது நாலாவது.

துறைத் தலைவர் கொர்மியேவுக்கு ஃபோன் போட்டாள்.

"அடடா, இப்பத்தானே அனுப்பினேன். நீ அடுத்த தடவ போடும்மா. கொரோனா எங்க ஓடிடப் போவுது?" என்று சிரித்தார்.

பெயரை இரவல் வாங்கிய இன்னொருவர் ஃபோனை எடுக்கவே இல்லை. நதீன் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"ரோலான், என் பேர எடுத்துடு. என்னோடது போகமாட்டேங்குது."

ரோலான் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்ஃபோனை விலக்கினான். "மீட்டிங்ல இருக்கேன். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் பதினைந்தானது. எலோடி சூப் ஆறிப்போச்சு என்று சிணுங்கினாள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் திரையில் வழி இருந்தது, மூன்று பெயர்களுக்கு நேரேயும். கொர்மியேவைத் தொட்டால் வேலைக்கே உலை. இன்னொருவர் நாளைக்கு அவளுடைய கட்டுரையை மதிப்பிடப் போகிறவர். உரிமையோடு சண்டை போட முடிந்தது ஒருவனிடம்தான். அவனுக்கு நேரே அழுத்தினாள். பிறகு தன்னுடையதை அனுப்பினாள். இந்த முறை போய்விட்டது.

கதவு திறந்தது. ரோலான் முகம் வெளுத்திருந்தது.

"எங்களுது திரும்பி வந்துடுச்சு. நீயா?"

"நான்தான். இன்னும் நேரமிருக்கு, மறுபடி அனுப்பு."

"இப்ப எங்க குழுவுல ஒரு பொம்பளகூட இல்லையே, நதீன்."

"நேத்தும் இல்ல, ரோலான். பேருதான் இருந்துச்சு."