நன்றாகப் பேசுகிறவருக்கு ஒன்றுமில்லை

1

ஒருவர் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகவே அவரை நம்பியிருக்கிறீர்களா? நான் நம்பினேன். அதனால்தான் இந்தக் கதையின் முதல் பிரதியைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

மறதி நோய் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நான் உதவியாளன். படிவம் நிரப்புவேன், ஆட்களை அறைக்கு அறை அழைத்துப்போவேன். கதை எழுதுவது யாரும் சொல்லாத வேலை. பழைய படிவங்களின் பின்பக்கத்தில் நடக்கிறது.

கிழித்த பிரதியின் தொடக்கம்: 'டிரைவருக்கு மறதி வந்த அன்று மழை கொட்டோ கொட்டென்று—'

(மழை பெய்யவில்லை. தொடங்கத் தெரியாதபோதெல்லாம் நான் மழையைக் கூப்பிடுவேன்.)

2

இரண்டு நாள் சோதனைக்கு வந்து தங்கிய கணவன் மனைவி அவர்கள். கணவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி, நாங்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிட்டவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர்.

"சாவி, குடை, விளக்கு. ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது டிரைவர் கூரையைப் பார்த்தார். அம்மா மூன்றையும் சொல்லிவிட்டு, "பூட்டையும் சேத்துக்கோங்க டாக்டர். சாவிய மட்டும் வெச்சு என்ன பண்றது?" என்றார்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

"ரிடையர் ஆனவளுக்கு எல்லாமே ஞாயித்துக்கிழமைதான்."

டாக்டர் சிரித்தார். சிரித்த கையோடு டிக் போட்டார். "அம்மா தெளிவா இருக்காங்க. ஐயாவ வீட்லயே வெச்சுப் பாத்துக்குவாங்க."

என் பிரதியிலும் அப்படியே எழுதினேன். தன் வசனத்தைத் தானே சொல்லிக்கொடுக்கிற பாத்திரம் கிடைத்தால் எனக்கு வேலை மிச்சம். டிரைவருக்கு வசனமே இல்லை, அவரை நாற்காலியோடு சேர்த்து எழுதிவிட்டேன்.

(இந்த ஊருக்கு வந்த ஆறு வருடத்தில் "சாப்டியாப்பா?" என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அம்மாதான். அரைமணிக்குள் மூன்று முறை கேட்டார். பாசம் என்று நினைத்தேன்.)

3

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொற்களை நினைவில் வைப்பதில் சராசரியாகப் பெண்கள் கை ஓங்கியிருக்குமாம். அதனால் சொல் கேட்கிற சோதனையில் ஆண் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறான், பெண்ணின் நோய் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வெளியே தெரியும்போது நாளாகியிருக்கும். எங்கள் வார்டு நர்ஸம்மா சொன்னது. "எல்லாருக்கும் இப்படின்னு எழுதித் தொலைக்காதே" என்றும் சொன்னார். எழுதவில்லை.

4

மதியம் அம்மா பாத்ரூம் தேடிப் போய்த் துணி அலமாரியைத் திறந்தார். என்னைக் கண்டதும், "நல்லா அடுக்கியிருக்கியே! அதத்தான் பாக்க வந்தேன்" என்றார்.

பின்னால் வந்த டிரைவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, இரண்டு கதவு தள்ளிப் பாத்ரூமில் விட்டார். கைப்பையோடு வாசலில் நின்றார். காலையில் டாக்டர் கேட்டபோது மகன் பெயரைச் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஐயா, எத்தனை நாளா இப்படி?"

"அவ பேசுவா. நான்... வழி." அடுத்த சொல்லைத் தேடினார். "எழுதாதப்பா. பிரிச்சுருவாங்க."

பிரித்துவிடுவார்கள்தான். அம்மாவுக்கும் நோய் என்று தெரிந்தால் இருவரையும் இங்கேயே சேர்த்துக்கொள்வார்கள்: ஆண்கள் முதல் மாடி, பெண்கள் இரண்டாம் மாடி.

5

படிவத்தின் கடைசியில் 'பணியாளர் கவனித்தது' என்று ஒரு கட்டம்.

முடிவு ஒன்று: எழுதுகிறேன். ஆளுக்கொரு மாடி.

முடிவு இரண்டு: எழுதவில்லை. இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா கேஸைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியைத் தேடிப் பக்கத்து அறைக்குப் போய், அங்கே எதற்கு வந்தோம் என்று—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை.)

முடிவு மூன்று: இருவரும் சேர்ந்திருக்க ஒரு மாடி. கதையில் ஒரே வரியில் கட்டிவிடலாம். அதற்குப் படி எங்கே என்று டிரைவர் கேட்பார்.

எனக்கு முடிக்கத் தெரியவில்லை. இந்தாருங்கள் பேனா. கட்டம் சின்னதுதான், ஒரு வரி போதும். சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா கையசைத்துக் கேட்டார்: "சாப்டியாப்பா?"

6

மறுநாள் காலை டாக்டர் படிவத்தைப் பார்த்தார். கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அம்மாவை எழுப்பித் தாழ்வாரத்தின் கடைசிக்கு அழைத்துப்போய், அவர் அறைக்கு வழி காட்டச் சொன்னார். அம்மா நல்ல ஜோக் ஒன்று சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒன்பது மணிக்கு டிரைவரை முதல் மாடியிலும் அம்மாவை இரண்டாம் மாடியிலும் விட்டேன். பதினொரு மணிக்குள் டிரைவர் மூன்று முறை படியேறிப் போனார். மூன்று முறையும் சரியான அறைக்கு.