லடாப்போவின் பதவியேற்பு உரை

சட்டை மடிப்புக் கலையாமல் திருடுகிறவர்களைப் பற்றிப் பாடம் சொல்லியே பெயர் வாங்கியவர் எங்கள் இபாதான் நகரத்துச் சட்ட ஆசிரியர் லடாப்போ. அவரிடம் மாலை வகுப்பில் படித்தாள் அபிக்கே. பகலில் வங்கிக் குமாஸ்தா.

"சார், மேனேஜர் வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடச் சொல்றார். பயமா இருக்கு" என்று அவரிடம்தான் போய் அழுதாள்.

"நடந்ததெல்லாம் எழுதிக் குடும்மா. நான் பாத்துக்கறேன்."

நம்பிக் கொடுத்தாள், கண்ணுகளா. மேனேஜர் அவருடைய பள்ளித் தோழர் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் எழுதிக் கொடுத்தது நேரே மேனேஜரின் வக்கீல் கைக்குப் போனது. வங்கிப் பணம் திருடுபோன வழக்கில் லடாப்போவே நிபுணராக வந்து, குற்றம் முழுக்க அவளுடையதுதான் என்று சாட்சி சொன்னார். அபிக்கேவுக்கு ஆறு வருடம் சிறை. அந்த வழக்கை வைத்துப் புத்தகம் எழுதி லடாப்போ பேராசிரியரானார்.

வெளியே வந்தவளுக்கு வேண்டியது ஒன்றுதான். போலீஸ் வருவதற்கு முன்னால் அவளே வந்து முறையிட்டாள் என்று அவர் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை அவள் பெற்ற மகளைக் கண்ணில் காட்டமாட்டேன் என்றிருந்தாள் மாமியார்.

அவர் பேராசிரியரானதற்காக நடந்த பதவியேற்பு உரைக்குப் போனாள். கடைசியில் கேள்வி நேரம் வரும், எழுந்து கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

அவர் தானாகவே சொன்னார். "என்கிட்ட ஒரு குமாஸ்தா வந்தா. திருடும்போதே சட்ட யோசனை கேட்ட ஒரே ஆள்! ஃபீஸ்கூடக் குடுக்கல!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அபிக்கே கையைத் தூக்கினாள்.

"மேடம், கையை இறக்குங்க" என்றார் அறிவிப்பாளர். "பதவியேற்பு உரையில யாரும் கேள்வி கேக்கக் கூடாது. ராஜாவே வந்தாலும் வாயை மூடிக்கிட்டுதான் இருக்கணும்."

"உக்காரும்மா தாயே, விருந்துக்கு வச்ச ஜொலோஃப் சோறு ஆறுது" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

உட்காரவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினாள். அவரும் திரும்பினார். பெரியவர் எதிரே நின்றால், மண்டியிட்டு வணங்கிப் பழகிய எங்கள் பெண்களின் முழங்கால் மனசைக் கேட்டுக்கொண்டா மடங்குகிறது? மடங்கிவிட்டது. வாய் திறப்பதற்குள் அவர் கை அவள் தலைமேல் இருந்தது, மைக் அவர் வாயருகே.

"எந்திரிம்மா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

மேடையோரத்துப் பேசும் மேளம் அவர் புகழை முழங்கியது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. காமிராக்காரர் மட்டும், "அப்படியே இருங்கக்கா, இன்னொண்ணு" என்றார்.

மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தை மாமியார் பேத்தியிடம் நீட்டினாள். "பாத்துக்கோடி. உங்கம்மாவே மண்டி போட்டு ஒத்துக்கிட்டா."