போசன் உட்கார வேண்டும்

ஜீவமணி சார் வெண்டைக்காய் வண்டியின் மேல் விழுந்த அன்றைக்குத்தான் போசனுக்குக் கெடு வைக்கப்பட்டது.

விழுந்ததில் சாருக்கு அடி ஒன்றும் இல்லை, சேதமெல்லாம் வெண்டைக்காய்க்குத்தான். ஆனால் மில்லர்புரத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேட்டி ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாகக் காய்கறிக்குள் கிடந்தது சாதாரண விஷயம் இல்லை. தூக்கிவிட ஓடி வந்தவர்களில் ஒருவர், தான் சாரிடம் பத்தாம் வகுப்பு பி செக்‌ஷனில் படித்ததாக அந்த நேரத்தில் அறிமுகம் வேறு செய்துகொண்டார். சார் அவர் கையைப் பிடித்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, சட்டைப்பையில் கிடந்த வெண்டைக்காயை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் ஜெஸ்லினைப் பார்த்தார்.

ஜெஸ்லின் சாருடைய மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சியில் சரக்குக்கான சுங்கத் தாள்களைத் தயார் செய்கிற வேலை. சொந்த ஊர் ஆலந்தலை. போசன் அவளுடைய நாய்கூட இல்லை, தம்பி ஆன்றோவின் நாய். ஆன்றோ சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பலில் போசன் என்றால் டெக்கில் உள்ள ஆட்களையெல்லாம் மேய்க்கிறவர். அவர் சொன்னால் வெயிலில் நின்று துரு சுரண்ட வேண்டும், மறுபேச்சு கிடையாது. வீட்டுக்கு வந்தாலாவது தான் போசனை அதட்ட வேண்டும் என்று ஆன்றோ நாய்க்கு அந்தப் பெயரை வைத்தான். கப்பல் போசன் மாதிரியே இந்தப் போசனும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அதை அக்காவிடம் விட்டுவிட்டு அவன் கப்பல் ஏறிவிட்டான்.

உடம்பில் எங்கோ கொஞ்சம் ராஜபாளையம் கலந்த நாய். மனிதர்களிடம் அதற்கு ஒரு விரோதமும் இல்லை. இன்னொரு நாயைக் கண்டால்தான் ஆகாது. அதிலும் சாருடைய பொமரேனியன் டெய்சியைப் பார்த்தால், கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருப்பதையே மறந்துவிடும். அன்றும் அப்படித்தான் பாய்ந்தது. கயிறு சாருடைய காலைச் சுற்றிக்கொண்டது.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். பரீட்சை வைக்காமல் யாரையும் ஃபெயிலாக்குகிற பழக்கம் சாருக்குக் கிடையாது. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் பீச் ரோட்டுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அங்கே டெய்சியும் வரும், ஊர் நாய்களும் இருக்கும். அதற்கு நடுவில் ‘சிட்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போசன் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மாடியில் இருக்கலாம். இல்லையென்றால் நாய் வேறு இடம் போக வேண்டும்.

வேறு இடம் என்றால் தருவைகுளம். அங்கே கிளாடிஸ் சித்தி வலைக் கொட்டகைக் காவலுக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தாள். சங்கிலியில் கட்டிப்போட்டால் போதும், பழக்கமெல்லாம் வேண்டாம் என்று அவளே போனில் சொன்னாள். பகல் முழுக்க ஒரு கம்பத்தைச் சுற்றி வருகிற போசனை நினைத்தாலே ஜெஸ்லினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆன்றோவிடம் அதை எப்படிச் சொல்வது என்பது அதற்கு மேல்.

ஜெஸ்லின் எதையும் முறையாகச் செய்கிறவள்; செய்த பிறகு அது சரிதானா என்று கவலைப்படுகிறவளும் அவள்தான். நாய் பழக்குகிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்தாள். முதலில் மற்ற நாய்களிடமிருந்து தூரமாக நிற்க வேண்டும். நாய் அமைதியாக இருந்தால் ‘சிட்’ சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும் தீனி. பிறகு நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்க வேண்டும். எல்லா வீடியோவிலும் புல்வெளி இருந்தது. அதில் நின்ற மற்ற நாய்கள் எல்லாம் ஏற்கெனவே பாடம் படித்த நாய்களாகத் தெரிந்தன. பீச் ரோட்டு நாய்கள் அப்படி இல்லை.

பிஸ்கட்டைப் போசன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நெத்திலிக் கருவாட்டுக்கு மட்டும் மயங்கியது. அவள் கைப்பை நிறைய நெத்திலியோடு கடற்கரையில் இறங்கினால், அந்த வாடைக்கு அங்கே உள்ள நாய்கள் பின்னால் வராமல் இருக்குமா? வந்தவை மூன்று: கறுப்பி, செவலை, காது கிழிந்த ஆண் நாய் கடுவன். மூன்றும் மாங்காய்த் தள்ளுவண்டிக்காரி இசக்கிச்செல்வியின் காலடியில் வளர்ந்தவை. மூன்று வாய்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வாய்க்கு மட்டும் கொடுக்க ஜெஸ்லினுக்கு மனசு வரவில்லை. போசனுக்கு ஒன்று கொடுத்தால் அதுகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பார்த்துக்கொண்டே மாங்காயில் மிளகாய்ப்பொடி தடவிய இசக்கிச்செல்வி, “ஏளா, நீ நாய் பழக்குதியா, இல்ல பந்தி வைக்கியா?” என்று கேட்டாள்.

ஆனால் ஆச்சரியமாக, பலன் இருந்தது. தூரத்தில் ஒரு நாய் வரும். போசனின் முதுகு மயிர் எழும்பும்.  ஜெஸ்லினின் வலது கை தானாக நெற்றிக்குப் போய் ஒரு சிலுவை போட்டுவிட்டு வரும். அப்புறம் “சிட்” என்பாள். போசன் உட்காரும். சிலுவை போட்டதை அவள் கவனித்ததே இல்லை. பஸ் ஏறும்போதும், ஆபீசில் கம்ப்யூட்டரில் தாள்களை அனுப்புகிற பட்டனை அமுக்கும்போதும் அவள் கை அப்படித்தான் போகும். ஆலந்தலைக் கத்தோலிக்கர்களுக்கு அது மூச்சுவிடுகிற மாதிரி. மூச்சு விட்டதை யார் கவனிப்பார்கள்?

நாய் வாயைவிடக் கையைத்தான் கூர்ந்து பார்க்கும் என்று ஒரு வீடியோ எச்சரித்திருந்தது. அதற்காக அவள் நெத்திலி இருந்த இடது கையை ஞாபகமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வலது கையைப் பற்றி வீடியோ ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு குழப்பம் மட்டும் இருந்தது. பீச் ரோட்டுக்குப் போகிற வழியில் ஒரு குருசடி உண்டு. அந்தச் சின்னக் கோயிலைத் தாண்டும்போது போசன் சில நாள் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த ஆட்டோக்கள் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. பக்தி என்றாள் இசக்கிச்செல்வி. ஜெஸ்லின் இடுப்பில் ஏதோ கோளாறு என்று பயந்து கால்நடை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பின்னங்கால்களை இழுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, இந்த இடுப்பு தனக்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

சார் பரீட்சை மேற்பார்வைக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். டெய்சியைப் பிடித்துக்கொண்டு ஈவாஞ்சலின் டீச்சர், அவர் மனைவி, பின்னால் வந்தார். நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவர்; சாரைப் போலவே, சிலுவை போடுகிற வழக்கம் இல்லாத புராட்டஸ்டண்ட் சபை. சாரைவிட நாலு வார்த்தை குறைவாகப் பேசி, சாரைவிட நாலு விஷயம் கூடப் பார்க்கிறவர். இசக்கிச்செல்வி நல்ல இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தாள். மூன்று நாய்களும் ஜெஸ்லினின் கைப்பையைப் பார்த்தபடி வண்டிக்குப் பின்னால் நின்றன.

ஜெஸ்லின் கயிற்றை இறுக்கிப் பிடித்தபோது சார் கையை நீட்டினார்.

“கயிற என்கிட்ட குடு. நீ வேலைக்குப் போன பிறகு மாடிப்படியில இதுக்கு முன்னால நிக்கப் போறவன் நான்தான். என் பேச்சுக்கு உட்காருதான்னு பாக்கணும்.”

அது நியாயம்தான்.  ஜெஸ்லின் கயிற்றைக் கொடுத்துவிட்டு விலகி, போசன் பார்க்கிற மாதிரி எதிரே போய் நின்றாள். டீச்சர் டெய்சியோடு நாலடி முன்னால் வந்தார். போசனின் முதுகு மயிர் எழும்பியது.

“சிட்” என்றார் சார்.

போசன் டெய்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், “சிட் டவுன்” என்றார். தடுப்புச்சுவர் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். போசன் உட்காரவில்லை. முன்னங்காலை ஊன்றி, ஒரே இழுப்பு. சார் செருப்போடு மணலில் வழுக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் இசக்கிச்செல்வியின் மாங்காய் வண்டி இருந்தது.

முதலில் வெண்டைக்காய், இப்போது மாங்காய். ஜெஸ்லினுக்குத் தருவைகுளத்துக் கம்பமும் சங்கிலியும் கண் முன்னால் வந்தன. ‘மாதாவே’ என்று நெஞ்சுக்குள் சொன்னாள். கை நெற்றிக்குப் போய், நெஞ்சைத் தொட்டு, தோள் இரண்டையும் தொட்டு இறங்கியது.

போசன் பாய்ச்சலை அப்படியே நிறுத்தி, மணலில் உட்கார்ந்தது. சாரும் கயிற்றோடு ஒரு வழியாக நின்றார்.

வண்டிக்குப் பின்னால் கறுப்பி உட்கார்ந்தது. செவலை உட்கார்ந்தது. கடுவனும் உட்கார்ந்தது. நாலு நாய்களும் ஜெஸ்லினையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே நாய் டெய்சி.

 சார் அவளிடம் என்ன செய்தாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றாள் ஜெஸ்லின். அவள் அப்படித்தான் நம்பினாள். “சிலுவை போட்டியேம்மா” என்றார் டீச்சர், மெதுவாக.

ஜெஸ்லின் தன் வலது கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரிப் பார்த்தாள். பையிலிருந்து நெத்திலி எடுத்துக் கொடுத்து நாய்களை எழுப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு “சிட்” என்றாள். நாலில் ஒன்றுகூட அசையவில்லை. வாயைத் திறக்காமல் ஒரு சிலுவை போட்டாள். நாலும் உட்கார்ந்தன. குருசடி, ஆட்டோ, டாக்டர் இழுத்துப் பார்த்த பின்னங்கால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கின.

அதை மறைத்திருக்கலாம். நாய் உட்கார்ந்தது, சாரும் விழவில்லை. ஆனால் தப்பாகப் போட்ட கணக்கைக் கணக்கு வாத்தியாரிடமே நீட்டிவிட்டு நிற்க அவளால் முடியவில்லை.

“சார், இது என் பேச்சக் கேட்டு உட்காரல. நான்தான் தப்பாப் பழக்கிட்டேன். உங்க பேச்சுக்கும் உட்காராது.”

 உட்கார்ந்திருந்த போசனைச் சார் ஒரு முறை சுற்றி நடந்தார். டெய்சியை இன்னும் இரண்டடி பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். போசன் உறுமியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. பரேடு பார்க்க வந்தவர் மாதிரி மற்ற மூன்றையும் பார்த்தார். கடைசியில் டெய்சியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“விடை சரியாத்தான் வந்திருக்கு” என்றார். “ஸ்டெப்ஸ்தான் எங்க புஸ்தகத்துல இல்லாதது.”

பாஸா ஃபெயிலா என்று இசக்கிச்செல்வி கேட்டாள். தன்னுடைய மூன்றும் பாஸ் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சார் யோசித்து, வேறு ஏதாவது பொதுவான சைகைக்கு, உள்ளங்கையை விரித்துக் காட்டுகிற மாதிரி ஒன்றுக்கு, நாயை மாற்றிப் பழக்கும்படி ஜெஸ்லினுக்குச் சொன்னார். அதுவரை போசன் மாடியில் இருக்கலாம். அதுவரைக்கும் மாடிப்படியில் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு டெய்சியைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அன்று இரவே ஜெஸ்லின் கிளாடிஸ் சித்திக்குப் போன் போட்டு, நாய் வராது என்று சொன்னாள்; நடந்ததை ஆன்றோவுக்கும் எழுதி அனுப்பினாள். அவன் சிரித்து முடித்து, “எக்கா, எங்க கப்பல் போசனுக்கும் இத ஒருக்கா போட்டுப் பாக்கேன்” என்று பதில் அனுப்பினான்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. ஜெஸ்லின் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் கயிறோடு படியிறங்கினாள். கீழே வாசலில் சார் டெய்சியோடு நின்றார். போசன் விறைத்தது. அவளுக்குக் கை ஒழியவில்லை.

சார் சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேர்வையைத் துடைக்கிறவர் மாதிரி நெற்றியைத் தொட்டார். சட்டைப் பித்தானைச் சரிபார்த்தார். இடது தோளில் ஏதோ தூசி இருந்தது. வலது தோளிலும் இருந்தது.

போசன் உட்கார்ந்தது.

“என்னங்க, கொசுவா?” என்று ஜன்னலுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது.

“ஆமா, கொசுதான்” என்றார் சார். ஆனால் அவர் பார்வை போசன் மேல் இல்லை. பிறந்ததிலிருந்து யார் சொல்லியும் எதையும் கேட்டிராத டெய்சி, அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது. சார் முகத்தை மாற்றாமல் சட்டைப்பைக்குள் கைவிட்டு, தாளில் மடித்து வைத்திருந்த நெத்திலி ஒன்றை எடுத்து அதற்குக் கொடுத்தார். போசனுக்கும் ஒன்று கொடுத்தார்.