சாம்பாரில் விழுந்த இரண்டாவது உப்பு

நகரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டிபன் கடையில் பிரமிளாவுக்குக் காலையிலிருந்தே கடுப்பு. முந்தின நாள் எங்கோ ஒரு விமானம் விழுந்து, உள்ளே இருந்த அத்தனை பேரும் செத்துப்போய்விட்டார்கள். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. அவள் புருஷன் கோவர்த்தனனோ மடித்த தோசையை விமானமாகப் பறக்கவிட்டு, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தான்.

“பைலட் தப்புதாம்பா. தூங்கிக்கினே ஓட்டியிருப்பான்!”

அப்போது சாம்பாரை வாயில் வைத்த லாரி டிரைவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். “இன்னாம்மா இது, ஒரே உப்பு!”

பிரமிளா போட்ட உப்புக்கு மேல் யாரோ இன்னொரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அடுப்பண்டை நின்றவன் கோவர்த்தனன் ஒருவன்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் கையிலிருந்த தோசை அந்தரத்தில் நின்றது.

“அவசரப்பட்டு என் மேல பழி போடாதீங்க! யாரு போட்டாங்க, எப்போ போட்டாங்கன்னு நல்லா விசாரிச்சிட்டு அப்பால பேசுங்க.”

“விசாரிக்கலாம்யா” என்று பிரமிளா கரண்டியைக் கீழே வைத்தாள். “உனுக்கு வாய் இருக்குது, கேக்குற. அந்த பைலட்டு எங்கேர்ந்து வந்து கேப்பான்?”

கோவர்த்தனன் தோசையை மெதுவாகத் தட்டில் இறக்கி, அதே சாம்பாரை ஊற்றிக்கொண்டு தின்றான்.