அஜிஷாவின் சிறுகுடல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழ் ஒன்று, சிறுகுடல் சத்தை எப்படி உறிஞ்சுகிறது என்று கட்டுரை கேட்டது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'நாம் உண்ட உணவு இரைப்பையில் கூழாகிச் சிறுகுடலுக்குள் இறங்கியதும், அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான நுண்விரல்கள்...'

அந்த விரல்களில் பேனா நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி பால் தம்ளரில் ரஸ்க்கை முக்கி மகளுக்கு ஊட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தோடு கட்டுரை போயிற்று.

2

அவளுக்கு ஜாஸ்பின் என்று பெயர் வைத்தேன். அருமனை என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை. (பேக்கரி கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ரப்பர் பால் வெட்டுகிறவளாக மாற்றியும் பார்த்தேன். அவள் மனச்சுமை பாதியாகக் குறைந்துவிட்டது. திரும்பவும் பேக்கரிக்கே அனுப்பினேன்.)

மகள் அஜிஷா பத்தாம் வகுப்பு. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். பிள்ளை மெலிய மெலியத் தாய் ஊட்டினாள். ரஸ்க், பன், கேக் என்று கடையில் மிஞ்சியதையெல்லாம் தன் கையாலேயே ஊட்டினாள். பிள்ளை இன்னும் மெலிந்தாள்.

கடைசியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்.

"புது டர்க்கி டவலு தண்ணிய உறிஞ்சும் இல்லியா? அதுல நூலு நூலா எழும்பி நிக்கும். பிள்ளைக்க குடலு தேஞ்ச தோர்த்துத் துண்டு மாதிரி ஆயிப்போச்சு. கோதுமையும் மைதாவும்தான் அதைத் தேய்ச்சது. இனி ஒரு துணுக்குகூட குடுக்கப்பிடாது, கேட்டியளா?"

"அப்ப இத்தன நாளும் நான்தானா டாக்டரே..."

அந்த வாக்கியத்தை ஜாஸ்பினுக்காக முடித்துவைக்க எத்தனையோ விதமாக எழுதி அடித்தேன். எதுவும் அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை.

(அடிக்குறிப்பு, கட்டுரையிலிருந்து பிழைத்தது: ஒவ்வொரு நுண்விரலுக்குள்ளும் மெல்லிய ரத்தக்குழாய்கள் உண்டு. செரித்த மாவுச்சத்தும் புரதமும் அவற்றில் ஏறிக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்பு மட்டும் நிணநீர்க் குழாய் வழியே சுற்றிக்கொண்டு ரத்தத்துக்கு வரும். பாடப்புத்தகத்தில் இந்த விரல்களுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். இவை தேய்ந்துபோனால் விருந்தே கடந்து போனாலும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத இந்த நோயில், கோதுமையை நிறுத்தினால் மெல்ல மெல்லத் திரும்ப முளைக்கும். கட்டுரையை நான் கிழிக்காமல் வைத்திருப்பது இந்தக் கடைசி வரிக்காகத்தான்.)

3

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சோறுமாக அஜிஷாவின் கன்னம் தெளிந்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும், திடப்படுத்தல் ஆராதனை மட்டும் வராமல் இருந்திருந்தால். பிள்ளைகளைச் சபையின் முழு அங்கமாகச் சேர்க்கும் அன்றுதான் அவளுக்கு முதல் திருவிருந்து, ஏசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும். நகத்தளவு அப்பம்தான், ஆனால் கோதுமை. அரிசிமாவில் தனியாக ஒன்று சுட்டு வரச் சொன்னார் போதகர், நல்ல மனுஷன். அதுவும் வேண்டாமென்றால் திராட்சரசம் மட்டும் போதும் என்றார்.

"எனக்கு மட்டும் தனியா ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் வாங்கியதத்தான் நானும் வாங்குவேன்" என்றாள் அஜிஷா.

"கிறுக்காட்டி உனக்கு? இப்பதான் குடலு கொஞ்சம் தேறி வருது."

"ஸ்கூல்ல தனியா தின்னியேன். பர்த்டே கேக்கு வேண்டாம்னு சொல்லியேன். ஏசுவுக்க முன்னாலயும் நான் வேற பிள்ளையாம்மா?"

அந்த வரியோடு பேனாவை மூடினேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

4

முடிவு (அ): அஜிஷா மனம் மாறி அரிசி அப்பத்தை வாங்குகிறாள். இதழாசிரியருக்குப் பிடிக்கும். அத்தனை வீம்பான பிள்ளை எப்படி மாறினாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முடிவு (ஆ): கோதுமை அப்பத்தை விழுங்குகிறாள். வயிற்றுவலியில் சுருண்டு... ச்சே. ஒரு பிள்ளையை நோகவைத்துப் பெயர் வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

ஆகவே, இவ்வளவுதான் எழுத முடிந்தது.

தாயும் மகளும் முக்காடிட்டு அருகருகே முழங்காலில் நிற்கிறார்கள். தட்டு இடப்பக்கத்திலிருந்து வருகிறது. முதலில் ஜாஸ்பின். அவளுக்குத் திடப்படுத்தல் ஆன நாளிலிருந்து அப்பம் வாங்காமல் எழுந்ததே இல்லை.

போதகர் குனிகிறார். ஜாஸ்பின் இரண்டு கைகளையும் மூடிக்கொள்கிறாள்.

"எனக்கு ரசம் மட்டும் மதி ஐயா, அது போதும்."

"உனக்கு என்னம்மா, நீ வாங்கலாமே?"

"எனக்க பிள்ள திங்கப்பிடாதது எனக்கும் வேண்டாம்."

அந்த விரல்கள்தான் ரஸ்க் ஊட்டியவை. இப்போது இறுக மூடியிருக்கின்றன. அஜிஷா திரும்பி அவற்றைப் பார்க்கிறாள். அவளுடைய கை இன்னும் விரிந்தே இருக்கிறது. தட்டு அவள் முன்னால் வந்துவிட்டது.

அடுத்த வரியை நான் எழுத மாட்டேன். எழுதினால் அவள் கையை நான் பிடித்து மடக்கியது போல ஆகிவிடும். போதகர் அவசரப்படவில்லை, காத்திருக்கிறார். நீங்கள் அவளுக்குப் பக்கத்தில்தான் முழங்காலிட்டிருக்கிறீர்கள். உங்கள் கை எப்படி இருக்கிறது?