நிழல் தண்ணீரைத் தொடும் நேரம்

என் மகளின் கலியாணக் கார்டில் ஒரே ஒரு சொல் பாக்கி இருந்தது. ரொறொன்ரோவில் கார்டு அடிப்பவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். "அக்கா, அண்ணையின்ர பேருக்கு முன்னால 'அமரர்' எண்டு போடுறதோ, விடுறதோ? அதைச் சொன்னீங்கள் எண்டால் இண்டைக்கே அடிச்சுப்போடுவன்" என்றார். இருபத்தெட்டு வருஷமாக நெற்றியில் பொட்டோடு இருக்கிறவளிடம் போனில் கேட்கிற கேள்வியா இது? பேந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என் கணவர் கிருபானந்தன் 1997இல் எகிப்திலிருந்து கூப்பிட்டு, "நாளைக்கு இத்தாலிக்குப் படகு ஏறுறன், ஜெகதி" என்றார். அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. எங்கள் நிரோஜாவுக்குப் பதினொரு மாதம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. சிசிலித் தீவில் ஒரு நகரத்தின் வெளிச்சம் தெரிகிற தூரத்தில் ஒரு படகு உடைந்ததாகக் கதை வந்தது. அதில் இவர் இருந்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதை எரித்துக் காரியத்தை முடிக்கலாம் என்று ஐயர் சொன்னார். புல்லுக்கட்டுக்குக் கொள்ளி வைக்க நான் பிள்ளை பெறவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நிரோஜா வேறு மாதிரி. டவுன்டவுனில் வேலை, எதையும் திகதி போட்டு முடிக்கிற ஆள். வேலை விஷயமாக ரோமுக்குப் போகிறவள், அப்படியே அந்த நகரத்துக்கும் போய்க் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டு வரப்போவதாகச் சொன்னாள்.

"கலியாணத்துக்கு முதல் இதை முடிக்க வேணும் அம்மா. அப்பா எங்கயோ இருக்கிறார் எண்டு இன்னும் நினைக்கிறீங்களா?"

"நினைச்சா உனக்கென்ன? பூவைப் போடு. எள்ளைத் தொடாதை, சொல்லிப்போட்டன்."

எள்ளு இறந்தவர்களுக்கு. அதைப் போட்டால் அவர் இறந்துவிட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதாகும்.

போவதற்கு மூன்று வாரம் முன்பு, அந்த நகரத்தில் தான் தங்கப்போகும் ஹோட்டலைக் காட்டுகிறேன் என்று எங்கள் ரீவியில் எதையோ திறந்துவிட்டாள். ஹோட்டல் மாடியில் ஒரு கமெரா வைத்திருக்கிறார்கள். கீழே உள்ள கடற்கரை எந்நேரமும் தெரியும். நகரத்துக்கு நடுவே உள்ள சின்னக் கடற்கரை. பின்னால் உயரமான கட்டடங்கள் நிற்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே சுவரடியில் நிழல் விழுந்துவிடும். பிறகு மணலில் மெல்ல மெல்ல இறங்கி, ஆறு மணிக்குத் தண்ணீரைத் தொடும். அங்கே ஆறு மணி என்றால் இங்கே எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் மத்தியானம் பன்னிரண்டு. ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு வேலை இரண்டு மணிக்குத்தான். காலையில் தேத்தண்ணியும் கையுமாக அந்தக் கடற்கரையைப் பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டாம் நாளே அவனைக் கண்டேன். எல்லோரும் அரைகுறை உடுப்போடு படுத்துக் கிடக்கிற இடத்தில், நீளக் கால்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போட்ட ஒருவன் சுவரடி நிழலில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பொலித்தீன் பை. நிழல் நகர நகர அவனும் நகர்ந்தான். ஆனால் அவன் எழும்பியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் கொஞ்சம் முன்னால் இருப்பான், நிழலின் கரைக்குள்ளேதான். நிழல் தண்ணீரைத் தொட்டதும் அவன் இருக்கமாட்டான். மறுநாள் மறுபடியும் சுவரடி.

ஒருநாள் ஒரு தடித்த மனிதர் துவாயைக் கொண்டுவந்து சரியாக அவன் மேலேயே விரித்துப் படுத்தார். ஒரு நிமிஷம்கூட இல்லை, அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு எழும்பித் துவாயை இழுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். அவன் இருந்தபடியே இருந்தான்.

ஐந்தாம் நாள்தான் செருப்பைக் கவனித்தேன். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான். நல்லூர்த் திருவிழாவில் என் மனுஷன் வெளி வீதி மணலில் அப்படித்தான் உட்காருவார். "செருப்புக்குக் காவலோ, சாமிக்குக் கும்பிடோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். கடலைப் பார்த்து இருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் அந்த முதுகு, அந்தப் பிடரி மயிர். எனக்கு வயது ஐம்பத்தைந்து, எழும்பினால் முழங்கால் சத்தம் போடும். அவருக்கு இன்னும் முப்பத்தொன்று.

ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த நாளிலிருந்து தலை இழுத்துச் சீவி, பொட்டை நேராக வைத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நிரோஜா கடற்கரைக்குப் போன அன்று இங்கே பதினொன்றரை. போனில் முகத்தைக் காட்டிக்கொண்டே கூப்பிட்டாள். "ரீவியில நான் தெரியிறனா அம்மா? சிவப்புச் சட்டை."

தெரிந்தாள். செருப்பைச் சுவரடியில் கழற்றி எறிந்துவிட்டு மணலில் இறங்கி, நேரே அவர் இருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த இடம் மட்டும் சரியான குளிர்."

"பக்கத்தில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையே." போனைத் திருப்பிக் காட்டினாள். வெறும் மணல். ரீவியில் அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மகளும் கிட்டத்தட்ட ஒரே வயதில் இருந்தார்கள்.

நிழல் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிட்டது. நிரோஜா பூவை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவரும் எழும்பினார். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். அவரும் பின்னால் இறங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நேரத்துக்குத்தான் இவர் தினமும் கடலுக்குள் போகிறார். இன்றைக்கு முன்னால் என் பிள்ளை போகிறாள்.

"கரைக்கு வா பிள்ளை!"

"ஏன் கத்துறீங்கள்? தண்ணி முழங்கால் அளவுதான்."

அவர் அவளுடைய கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். இரண்டு வாரச் சந்தோஷமும் எங்கே போனதோ தெரியவில்லை.

"எள்ளுக் கொண்டு போனியா? உண்மையைச் சொல்லு."

"ஓம். கோவிக்காதேங்கோ அம்மா."

"போடு. இப்பவே போடு. அப்பா செத்துப்போனார் எண்டு சொல்லிப் போடு!"

இத்தனை வருஷம் என் வாயில் வராத சொல், சண்டைக்காரி மாதிரிக் கத்திச் சொன்னேன். நிரோஜா அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே பல்லால் பைக்கற்றைக் கிழித்து எள்ளைக் கொட்டினாள். அப்பா செத்துப்போனார் என்று அவளும் சொன்னாள்.

ரீவியில் அவருடைய கை நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. அவர் திரும்பி, மேலே, கமெராவைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நிழல் தண்ணீரில் விழுந்தது. சிவப்புச் சட்டை மட்டும் தனியே நின்றது.

நிரோஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கரைக்கு வந்தாள். பத்திரமாக வந்துவிட்டாள் என்று நான் மூச்சு விடவும் அவள் போனைக் கீழே பிடித்தாள். "அம்மா, இதைப் பாருங்கோ. செருப்பை நான் சுவரடியில எல்லோ கழட்டி எறிஞ்சனான்? நாங்கள் இருந்த இடத்தில கிடக்குது."

அவள் 'நாங்கள்' என்றதைக்கூட நான் பிறகுதான் நினைத்தேன். என் கண் செருப்பில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகி, யாரோ மேலே உட்கார்ந்திருந்த மாதிரி மணலில் பதிந்து கிடந்தது. செருப்புக் கதையை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிவரை பார்த்தேன். நிழல் இறங்கியது, தண்ணீரைத் தொட்டது. அவர் வரவில்லை. கார்டுக்காரருக்குப் போன் எடுத்து, "அமரர் எண்டே போடுங்கோ தம்பி" என்றேன்.

பிறகு ரீவிக்குக் கிட்டப் போய் நின்றேன். அலைக்குள் இறங்குகிற பிள்ளையின் கையைத் தகப்பன் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது? அதைக் கண்டு நான் பேய்க்குப் பயப்படுகிற மாதிரிப் பயந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன், "பிள்ளையின்ர கலியாணம் ஆவணி இருபத்திரண்டு. கோவத்தை விட்டுட்டு வாங்கோ."

சுவரடியில் யாரோ ஒரு குழந்தை மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது.