துட்டி கேட்கப் போய்த் தின்ற சாலட்

பூதத்தான் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகரம்தான். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் எனக்குத் தூக்கம் போகும், சமாதானமானாலும் போகும். ஆகையால் தாராவியில் எங்கள் சந்து முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அசடு வழிந்த கதையை என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், மே மாதம். கூரைத் தகரத்தில் தோசை வார்க்கலாம் போன்ற வெயில்.

பூதத்தான் கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில் சமையல்கட்டு ஆள். சமையல்கட்டு ஆள் என்றால் சமைக்கிறவன் இல்லை. வெங்காயம் உரிப்பான், உருளைக்கிழங்கு சீவுவான், பாத்திரம் தேய்ப்பான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே பிழைப்பு. அங்கே ஆறிய பதார்த்தங்கள் செய்துவந்த கோவாக்காரர் ஊரோடு போய்விட்டார். வெயில் காலத்தில் துரைமார் சூடாக எதையும் தொடமாட்டார்களாம். பட்லர் பூதத்தானைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒரு கோழிச் சாலட் செய்து காட்டச் சொன்னார். நன்றாயிருந்தால் அந்த இடம் அவனுக்கு. இல்லாவிட்டால் வெங்காயம் இருக்கவே இருக்கிறது.

செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறான். கையால் செய்ததில்லை. ருசி பார்க்க அவனுக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு தரம் செய்து, பேராச்சியைத் தின்னச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு கட்டினான். பேராச்சி அவன் பெண்டாட்டி. அவள் கைக் குழம்பு வாசனைக்கே நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுகிறவன். அவள் வாயில் வைத்துச் சரி என்றால் துரை என்ன, துரையைப் பெற்றவரே சரி என்பார்.

அவள் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கோழிய அவிச்சு, ஆற வச்சு, பச்ச எலையோட தின்பாவளா? யாரு, சீக்காளியளா?"

"துரைமாருட்டி."

"அரைக்கவும் இல்ல, தாளிக்கவும் இல்ல. கோழி வேற சூடு. இந்த வேக்காட்டுல தின்னா கண்ணுல கட்டி வரும். நீங்க என்னமும் செய்ங்க. நான் வாயில வைக்க மாட்டேன்."

அன்றிரவு அவன் புரண்டுகொண்டே இருந்தது தகரம் வழியாக எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சந்து விழிப்பதற்கு முன்பே எழுந்து கோழியை அவித்து, அடுப்பை அணைத்து, பானையை ஈர மணலில் புதைத்து ஆற வைத்தான். பிறகு பேராச்சியிடம் அன்றைக்கு அடுப்பே மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டான். முட்டை மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்கிற ஒரு கூட்டு அதில் உண்டு. அதுதான் சாலட்டுக்கு உயிர். அறை சூடானால் திரிந்துவிடும். அடிக்கிற கையை நிறுத்தினாலும் திரிந்துவிடும் என்று அவனுக்குப் பயம்.

தன் அடுப்பை மூட்டாதே என்று ஒருவன் சொன்னால் பேராச்சி சும்மா இருப்பாளா? தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரக் கூந்தலை முதுகில் விரித்துப் போட்டாள். வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் யாரோடும் பேசவில்லை.

உச்சி வேளை. அந்த வீட்டில் புகை இல்லை. தலை விரிந்து கிடக்கிறது. முகம் இருண்டு கிடக்கிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சாவு வீட்டை நாங்கள் துட்டி வீடு என்போம். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. இன்னொரு வழக்கமும் உண்டு. யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே நுழைவது மரியாதை இல்லை. முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும்; அழுகையிலேயே விவரம் தானாக வந்துவிடும்.

முதலில் வந்தவள் செண்பகவல்லிக் கிழவி. எங்கள் சந்தில் அவள் இல்லாமல் ஒரு சாவும் சாவாக எடுபடாது. "என்னப் பெத்த தாயி, ஒன்ன இப்படி ஒக்கார வச்சிட்டாவளே" என்று பேராச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் குரல் கேட்டதும் மற்றப் பெண்கள் அடுப்பில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். பேராச்சியோ, ஊரிலிருந்து ஏதோ சேதி வந்து, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். சேதி என்றால் ஊரில் இருக்கிற வயசான அம்மாதான். எல்லாருக்கும் மேலே குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

நான் தாதர் மார்க்கெட்டிலிருந்து பையும் கையுமாக வந்தவன், பையை வைத்துவிட்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஆண்களோடு நின்றேன். ஊருக்குத் தந்தி கொடுக்க யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்குத் தந்தி என்று நானும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன் அல்லவா?

உள்ளே பூதத்தான் பாதி எண்ணெய் விட்டிருந்தான். அழுகை கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது, ஊரில் இருக்கிற அப்பா போய்விட்டார் என்று. கண்ணிலிருந்து கடகடவென்று கொட்டியது. கை நிற்கவில்லை. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்து முடித்து, பிய்த்து வைத்த கோழி, வெள்ளரிக்காய், தக்காளி, பச்சை இலை எல்லாவற்றையும் போட்டுப் புரட்டினான்.

தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போன செண்பகவல்லி அதைப் பார்த்தாள்.

"ஏல, துட்டி வீட்லயால கோழி அறுத்து வச்சிருக்க? செத்தவுகளுக்கு அடுக்குமால?"

அவன் விசும்பினான். "பெரியம்மா, எங்கப்பா எப்ப போனாவ?"

"ஒங்கப்பனா? ஒங்கப்பனா செத்தான்?"

வாசலிலிருந்து பேராச்சி எட்டிப் பார்த்தாள். "எங்கம்மால்லா செத்துப் போனா?"

தந்தி கொடுக்கக் கிளம்பியவர் திரும்பி வந்தார்.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்றாள் கிழவி.

"நீங்கதான அழுதிய?"

"நீ தலைய விரிச்சுப் போட்டுல்லா ஒக்காந்திருந்த?"

"தலைக்கு ஊத்தினேன். காயணும்லா?"

அம்மா சாகவில்லை என்று தெரிந்த நிமிஷமே பேராச்சி புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்பன் செத்தான்னு நெனச்சும் ஒங்களுக்குக் கை நிக்கலயா?"

"நிறுத்தினா திரிஞ்சிரும்ட்டி" என்றான் பாவம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அவமானத்தில் யாரும் நகரவில்லை. போவதென்றால் எங்கே போவது? எந்த வீட்டிலும் சோறு பாதி வேக்காட்டில் கிடந்தது. பூதத்தான் சாலட்டை இலைத் துண்டுகளில் வைத்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தான். அழுது புண்ணான தொண்டைக்குக் குளுகுளுவென்று இறங்கியது. அவன் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க, நாளைக்குத் துரை திங்கணும்" என்று கேட்டான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாருக்கு" என்றார்கள். துட்டிக்கு வந்தவர்கள் அந்த வீட்டில் வைத்த சோற்றைக் குறை சொல்வது வழக்கமில்லை. துட்டியே இல்லை என்று தெரிந்த பிறகும் எங்களுக்கு அந்த வாய் மாறவில்லை.

சட்டி காலி. அவனுக்கே ஒரு வாய் மிஞ்சவில்லை. இத்தனை பேர் தின்றும், நாளைக்குத் தேறுவோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இப்போதுதான் அவனைப் பார்க்கச் சாவு வீட்டுக்காரன் மாதிரி இருந்தது.

பேராச்சி சட்டியை எடுத்தாள். கழுவத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தோம். விரலால் அடிவரைக்கும் வழித்து வாயில் வைத்தாள். மறுபடியும் வழித்தாள்.

"உப்பு பத்தல. எலுமிச்சம்பழம் கூடிட்டு. கோழிய இன்னும் சன்னமாப் பிச்சிருக்கணும்."

அவன் நிமிர்ந்தான். "இவியள்லாம் நல்லாருக்குன்னு சொன்னாவளே."

"துட்டி வீட்லதான் பொய் சொல்லணும். இங்க யாரு செத்தா?"

அவன் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னான்.

திங்கட்கிழமை அவள் சொன்னபடியே செய்தான். அதற்கப்புறம் கிளப்பில் அவன் வெங்காயம் உரிக்கவில்லை. புதுசாக எதைச் செய்து பார்த்தாலும் அவளுக்கு மட்டும்தான் கொடுக்கிறான். தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு வருவதில்லை. கேட்டால், "அண்ணாச்சி, நீங்க நல்லாருக்குன்னுல்லா சொல்லுவிய" என்கிறான்.